கதவின் பின்பக்கம்

ஏப்ரல் 20, 2024, சனி

ஓட்டுப் போட்ட மை விரலில் அப்படியே இருக்கிறது. காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போனால் எனக்கு முன்னால் பத்தொன்பது பையன்கள் நிற்கிறார்கள். பரீட்சை இன்னும் முடியவில்லை, ஆனாலும் வந்துவிட்டார்கள். கால்பந்து மூன்று இருக்கிறது, எல்லாம் சின்னப் பையன்களுக்கான நாலாம் நம்பர். ஒன்றில் காற்று நிற்பதில்லை.

எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பேரில் பதினாலு பேருடைய அப்பா இப்போது கடலில்.

ஏப்ரல் 22

கோல் போஸ்டுக்கு வலை இல்லாமல் ஆடினால் கோலா இல்லையா என்று தினமும் சண்டை. அண்ணன் வீட்டுத் திண்ணையில் கிடந்த பழைய வலையை எடுத்து வெட்டினேன். ஓட்டைகளைப் பொத்தவே சாயங்காலம் ஆகிவிட்டது. வலை ஊசியில் நைலான் நூலைச் சுற்றி, இடது கையில் இரண்டு விரலைக் கண்ணிக்கு அளவாக வைத்து, ஒவ்வொரு முடிச்சாக இறுக்கினேன். சின்னவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

“அப்பா நாலு விரல் வைப்பாரு சித்தப்பா.”

“அது சுறாவுக்கு மக்களே. பந்துக்கு ரெண்டு போதும்.”

அவன் தன் விரலை வைத்துப் பார்த்தான். அவனுக்கு மூன்று விரல் வேண்டியிருந்தது.

ஏப்ரல் 25

அண்ணன் போன படகோடு வயர்லெஸ்ஸில் பேச்சு கிடைத்ததாம். லட்சத்தீவுக்கு மேற்கே நிற்கிறார்கள். சூரை மீன் நன்றாக விழுகிறது. அண்ணி இன்று சிரித்துக்கொண்டே மீன் கழுவினாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

முதல் ஆட்டம். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ். 3–0.

இரண்டாவது கோலைப் பற்றி மட்டும் எழுதி வைக்கிறேன். வலது ஓரத்தில் இருந்து வந்த பந்தைச் சின்னவன் நிறுத்தவே இல்லை. வரும் வேகத்திலேயே பாதத்தின் உள்பக்கத்தால் லேசாகத் திருப்பிவிட்டான். கீப்பர் மற்ற பக்கம் சாய்ந்து கிடந்தான். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் எழுதினான். அங்கேதான் அண்ணி பால் கணக்கு எழுதுவாள். அதற்குக் கீழே தேதி, 3–0. “அப்பா வந்து வாசிக்கட்டும்” என்றான்.

மே 1

கோப்பை! இறுதி ஆட்டம் 2–1. கடைசி ஐந்து நிமிடம் எங்கள் டிபன்ஸ் நின்ற நிற்பை வாழ்நாளில் மறக்க மாட்டேன். மூன்று பையன்கள், மூன்று பேருக்கும் கால் தசை பிடித்துக்கொண்டது. ஒருவனும் வெளியே வரவில்லை.

ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் நடந்ததையும் எழுதவேண்டும். போட்டி நடத்துபவர்கள் எங்கள் பையன்களின் பிறப்புச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் நிறுத்திவிட்டார்கள். எதிரணிக்குப் பந்தல். எங்களுக்கு ஒரு தென்னை மரம்கூட இல்லை. “கடற்கரைப் பிள்ளைகளுக்கு வயசு சொல்லத் தெரியாது” என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஜெயித்ததில் அந்தக் கோபம் பாதி போயிற்று, பாதி இன்னும் இருக்கிறது.

கோப்பையைக் குருசடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, எட்டு மணி ஜெபமாலைக்கு அப்படியே வேர்வைச் சட்டையோடு உட்கார்ந்தார்கள். இன்றுதான் மாதாவின் வணக்க மாதம் ஆரம்பம்.

மே 3

இன்னொரு படகு வழியாகச் செய்தி. எஞ்சினில் கோளாறு, பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்களாம். அவ்வளவுதான்.

மே 5, ஞாயிறு

கள்ளக்கடல். காற்றே இல்லை. வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் அலை மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி ரோட்டைத் தாண்டி வருகிறது. தெற்கே, எங்கோ வெகுதூரத்தில் அடிக்கும் புயல் தள்ளிவிடும் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் வந்து விழுகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நேற்றே எச்சரிக்கை கொடுத்திருந்தது. கோயிலில் மைக் போட்டு அறிவித்தார்கள். நீரோடியில் இருந்து இரயுமன்துறை வரைக்கும் எங்கள் குமரிக் கரையில் எல்லாரும் வீட்டு வாசலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மைதானத்தில் பாதி தண்ணீர். வலையை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஆழ்கடலில் இந்த அலை தெரியாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அங்கே படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். கரைக்கு வரும்போதுதான் அதற்கு வெறி வரும். அண்ணியிடம் இதை மூன்று தடவை சொல்லிவிட்டேன். எனக்கே சொல்லிக்கொண்டதுதான் அதிகம்.

மே 6

கணபதிபுரம் பக்கம் ஐந்து பிள்ளைகளை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டருக்குப் படித்த பிள்ளைகள். இன்று எங்களுக்குப் பயிற்சி இல்லை.

மே 8

செய்தி இல்லை.

மே 10

மணலைச் சமப்படுத்தி மறுபடி தொடங்கினோம். பூட் போட்டு ஆடுவதற்கு இன்னும் ஏழு பேர் பழகவில்லை. வெறுங்காலில் பந்து அவர்கள் பேச்சைக் கேட்கிறது, பூட் போட்டால் தடுமாறுகிறார்கள். மணலில் வளர்ந்த கால் இது. மணலில் பந்து உருளாது. அதனால் தூக்கியே வாங்கிப் பழகியிருக்கிறார்கள், தொடையாலும் நெஞ்சாலும் வாங்குவதில் இவர்களை நாகர்கோவில் பையன்கள் நெருங்க முடியாது. ஆனால் புல்தரையில் பந்து பாய்ந்து வரும். அங்கே முதல் தொடுகையிலேயே பந்து இவர்களை விட்டு மூன்றடி போய்விடுகிறது. இன்று ஒரு மணி நேரம் அது ஒன்றுதான் பயிற்சி. சிமெண்ட் தரையில், சுவரில் அடித்து, திரும்பி வருவதை வாங்குவது.

இரவிபுத்தன்துறையிலிருந்து போன சூசைராஜும் இதே மணலில் ஆடியவர்தான். 2019இல் இந்தியாவுக்கு ஆடினார். அந்தப் பெயரைச் சொன்னால் போதும், சுவர்ப் பக்கம் வரிசை தானாக நிற்கும்.

சின்னவன் சுவரில் அடித்துக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் போன பிறகும் அடித்தான். இருட்டிய பிறகும் சத்தம் கேட்டது. நான் போய் நிறுத்தவில்லை.

மே 13

4–0. கதவில் எழுதிவிட்டான்.

மே 14

கொச்சியில் தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து ஏப்ரல் 4ஆம் தேதி போனார்கள். நாற்பது நாள் என்று சொல்லிவிட்டுப் போனார் அண்ணன். இன்றோடு நாற்பது.

ஐஸ் எத்தனை நாள் தாங்கும், டீசல் எத்தனை நாள், குடிதண்ணீர் எத்தனை நாள் என்று ராத்திரி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர். அரிசி இருக்கும், மீன் இருக்கும். தண்ணீர்க் கணக்குதான் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது.

மே 16

இந்தியக் கால்பந்து அணிக் கேப்டன் சேத்ரி ஓய்வு அறிவித்துவிட்டார். ஜூன் 6, குவைத்துக்கு எதிராகக் கடைசி ஆட்டம். அந்த வீடியோவைப் பையன்கள் ஒரே போனில் தலைகளை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். இந்தியாவுக்காக 94 கோல். நம் லெஃப்ட் விங் பையன் அழுதுவிட்டான். அவனை யாரும் கேலி செய்யவில்லை.

மே 19, ஞாயிறு

மழை. காலையிலிருந்து விடவில்லை. ஆட்டத்தைத் தள்ளி வைப்பார்கள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. இரண்டாவது கோப்பைக்கான இறுதி ஆட்டம்.

முதல் பாதியில் 0–2. பந்து சேற்றில் நின்று நின்று போனது. பையன்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். என்ன சொல்வது என்றே தெரியவில்லை. அப்புறம் தோன்றியது. “இது புல்தரை இல்ல மக்களே. இப்ப இது நம்ம மணல். பந்து உருளாது. தூக்கி ஆடுங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஒன்று, நெஞ்சில் வாங்கித் தரையில் விழுமுன் அடித்தது. கடைசி நிமிடத்தில் கார்னரிலிருந்து இன்னொன்று. 2–2.

பெனால்ட்டி. ஐந்து ஐந்து. எங்கள் கீப்பருக்குப் பன்னிரண்டு வயதுதான், கோலுக்குள் நின்றால் மேல் கம்பிக்கும் அவன் தலைக்கும் நடுவில் இன்னொரு பையனை உட்கார வைக்கலாம். அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: அடிக்கிற வரைக்கும் ஒரு கால் கோட்டில் இருக்கணும், முன்னால் பாயாதே. மூன்றாவது அடியைக் காலால் தடுத்தான். எங்களுடைய நாலாவது வெளியே போயிற்று. மறுபடி சமம். எதிரணியின் ஐந்தாவது கம்பியில் பட்டுத் திரும்பியது. எங்களுடைய ஐந்தாவது சின்னவன்.

அவன் பந்தைச் சேற்றிலிருந்து எடுத்துத் தன் சட்டையில் துடைத்தான். மூன்று தடவை துடைத்தான். வைத்தான். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கடல் பக்கம் பார்த்தான். அந்த மைதானத்திலிருந்து கடல் தெரியாது, திசை மட்டும்தான். பிறகு அடித்தான்.

நான் சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மே 20

துறைமுக அலுவலகம், மீன்வளத் துறை, கொச்சியில் தெரிந்தவர்கள், எல்லாருக்கும் போன் போட்டாயிற்று. மனு எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள்.

மே 23

தூங்க முடியவில்லை. 2017 நவம்பர் 30 காலை ஒக்கி புயலில் வீட்டு ஓடு பறந்தது நினைவுக்கு வருகிறது. அப்போது சின்னவனுக்கு ஐந்து வயது. கோயில் முற்றத்தில் பெண்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். சில படகுகள் மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகத்தில் போய் ஒதுங்கியிருக்கின்றன என்று செய்தி வந்தபோது ஒவ்வொரு பெயராக மைக்கில் வாசித்தார்கள். அண்ணன் பெயர் அந்தப் பட்டியலில் வந்தது. எங்கள் தெருவில் வராத பெயர்கள் எத்தனை. வராத பெயர்களில் ஒன்று என்னோடு செவன்ஸ் ஆடியவன். அவன் ஸ்டாப்பர், நான் விங். அவன் அடித்துக் கொடுக்கும் நீளப் பந்தை வாங்க நான் எப்போதும் ஓடத் தொடங்கியிருப்பேன், பார்க்கவே வேண்டியதில்லை.

நான் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. அண்ணன் போனார். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துப் போகிறார்.

மே 24

அந்த ஸ்டாப்பரின் மகன்தான் எங்கள் கீப்பர். இதுவரை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மே 26, ஞாயிறு

தோல்வி. 0–1. லீக் ஆட்டம்தான், அரையிறுதிக்குப் போவதில் சிக்கல் இல்லை. சின்னவன் ஆடிய மாதிரியே இல்லை. பந்து காலில் இருக்கும்போதே நின்றுவிட்டான். மாற்றி உட்கார வைத்தேன். ஒன்றும் பேசவில்லை, ஷின் கார்டைக் கழற்றி இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

கதவில் இதையும் எழுதினான். 0–1.

மே 28

கிடைத்துவிட்டார்கள். கிடைத்துவிட்டார்கள்.

குளச்சல் படகு ஒன்று கண்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது. பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள். கொச்சிக்கு வருகிறார்கள். கோயில் மணி அடித்தது. அண்ணி அடுப்பில் வைத்த சோற்றை மறந்து தெருவுக்கு ஓடினாள். சோறு கருகிய வாடை இப்போதும் வீட்டுக்குள் இருக்கிறது, யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை.

மே 29

அரையிறுதி 3–1. இரண்டு கோல் சின்னவன்.

மே 30

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். நாளை இறுதி. நாளைக் காலையில்தான் படகும் தோப்பும்படிக்கு வருகிறது. ராத்திரியே வேன் கிளம்புகிறது. சின்னவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னிடம் அனுமதி கேட்க வருகிறான் என்று தெரிந்தது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, “போ மக்களே, வண்டியில ஏறு” என்றேன்.

மே 31

அவன் இல்லாமலே ஜெயித்தோம். 1–0. லெஃப்ட் விங் பையன். மூன்று போட்டி, மூன்று கோப்பை. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் இந்த வயதுப் பையன்கள் ஒரே கோடையில் மூன்றும் வாங்கியதில்லை. மைதானத்திலிருந்து நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள், சாவி என்னிடம் இருந்தது. அடுக்களைக்குள் பத்துப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, கீப்பர் கரித்துண்டை எடுத்துக் கதவில் எழுதினான். அவனுக்கு எட்டுகிற உயரத்தில் இடம் இல்லை. பால் கணக்குக்குள் எழுதினான்.

ஜூன் 1

இன்றிலிருந்து தடைக்காலம், ஜூலை 31 வரை. இனி 61 நாள் எல்லா அப்பாக்களும் ஊரில்.

ஜூன் 2

ராத்திரி ரியல் மாட்ரிட் – டோர்ட்மண்ட். சாம்பியன்ஸ் லீக் இறுதி. பன்னிரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டத்தைப் பார்க்கத் திண்ணை நிறைய ஆட்கள். 2–0. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். தாடி நெஞ்சு வரைக்கும் இருக்கிறது. உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த காயம். சின்னவன் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 3

காலையில் அண்ணன் கதவை மூடச் சொன்னார். விளக்கைப் போட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். 3–0. 2–1. 4–0. அப்புறம் விரலை வைத்து நின்றார்.

“இந்த ரெண்டு–ரெண்டுல ஜெயிச்சது யாருல?”

பெனால்ட்டிக் கணக்கைச் சின்னவன் எழுதவே இல்லை. அப்பாவைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, முதல் அடியிலிருந்து சொல்லத் தொடங்கினான். பந்துக்கு ஒரு வெங்காயம். கீப்பருக்கு உப்பு ஜாடி. அண்ணி, சாப்பாடு ஆறுகிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பிறகு தானும் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 6

சேத்ரி ஆட்டம் ராத்திரி ஏழு மணிக்கு. அதற்குள் பயிற்சியை முடிக்கவேண்டும். பத்தாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. வலையில் இரண்டு கண்ணி அறுந்திருக்கிறது, அண்ணன் ஊசியை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.