ஆடாத சமையலறை மேசை: இரண்டாவது முயற்சியில்தான் வந்தது

முதல் மேசையை ஸ்க்ரூ போட்டுத்தான் செய்தேன். நாலு கால், மேலே பலகை, மூலைக்கு இரண்டு இரும்புப் பட்டை, ஒரே நாளில் வேலை முடிந்தது. மூன்றே மாதத்தில் அதில் வைத்து எதை நறுக்கினாலும் மேசையும் கூடவே ஆட ஆரம்பித்தது. ஸ்க்ரூவை இறுக்கினால் ஒரு வாரம் நிற்கும், மறுபடி ஆடும். கடைசியில் துளையே தேய்ந்துபோய் ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

கால் மெல்லிசாக இருப்பதால்தான் ஆடுகிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவல்ல காரணம். மேசையைப் பக்கவாட்டில் தள்ளும்போது 70 செ.மீ. நீளக் கால் ஒரு கடப்பாரை மாதிரி வேலை செய்து, அத்தனை விசையையும் உச்சியில் உள்ள இணைப்பின் மேல் இறக்குகிறது. அங்கே இரண்டு ஸ்க்ரூ மட்டும் இருந்தால் அது என்ன செய்யும்? மேல்பலகைக்கு அடியில் காலுக்குக் கால் போய், காலோடு அகலமாக ஒட்டி நிற்கிற ஒரு சட்டம் வேண்டும். அதன் முனையில் ஒரு நாக்கு, காலில் அது நுழைய ஒரு துளை. பழைய தச்சு வேலை எல்லாம் இப்படித்தான் நிற்கிறது.

மேசை உயரம் 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். மேல்பலகை 3 செ.மீ., சட்டம் 10 செ.மீ. அகலம், மீதி 62 செ.மீ. தொடை நுழைய இடம். சட்டத்தை இன்னும் அகலமாக்கினால் இணைப்பு பலமாகும், ஆனால் உட்காருகிறவருக்குத் தொடை இடிக்கும். கால்களுக்கு 35 மி.மீ. பைன் பலகை இரண்டை ஒட்டி 70 மி.மீ. கட்டை ஆக்கினேன், ஏனென்றால் அவ்வளவு தடிமனில் நேரான, காய்ந்த மரம் கிடைப்பது கஷ்டம்.

மரம் வந்த அன்றே அறுக்க எனக்குக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, இடையிடையே குச்சி வைத்து இரண்டு வாரம் அறைக்குள் அடுக்கி வைத்தேன். நல்லவேளை. ஒரு பலகை அதற்குள் முறுக்கிக்கொண்டது. இரு முனையிலும் ஒவ்வொரு நேரான குச்சியைக் குறுக்கே வைத்து ஒரு பக்கமாகக் குனிந்து பார்த்தால் முறுக்கு பளிச்சென்று தெரியும். அதை வீணாக்கவில்லை, குட்டைத் துண்டுகளுக்கு எடுத்துக்கொண்டேன்.

துளை போடும் வேலையில்தான் என் பொறுமை எல்லாம் போனது. சட்டம் 25 மி.மீ. தடிமன், நாக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதனால் 8 மி.மீ. உளி. முதலில் டிரில்லால் வரிசையாகத் துளைத்து, அப்புறம் உளியால் சுவரை நேராக்கினேன். கழிவுக் கட்டையில் நாலு துளை போட்டுப் பழகினேன், நாலும் கோணல். உளி மழுங்கியிருந்தது என்பது நாலாவதில்தான் உறைத்தது. கல்லில் நன்றாகத் தீட்டிய பிறகு அதே மரம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. இதை ஏன் முதல் நாளே யாரும் சொல்லவில்லை என்று எரிச்சலாக இருந்தது.

துளையை முதலில் முடித்துவிட்டு அதற்கேற்ப நாக்கைச் சீவுங்கள், துளையைத் திருத்துவதை விட நாக்கைச் சீவுவது எளிது. எல்லா அளவையும் காலின் ஒரே முகத்திலிருந்து எடுக்க வேண்டும், பக்கம் மாற்றி மாற்றி எடுத்தால் ஒவ்வொரு சின்னப் பிழையும் கூடிக்கொண்டே போகும். காலின் உச்சியில் 2 செ.மீ. கூடுதலாக விட்டிருந்தேன், இல்லாவிட்டால் துளை விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து மரம் பிளந்துவிடும்; ஒட்டி முடித்த பிறகு அதை அறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு காலிலும் இரண்டு பக்கமிருந்து இரண்டு சட்டம் வந்து சேரும், அதனால் இரண்டு துளையும் காலுக்குள் சந்திக்கிற இடத்தில் நாக்குகளின் முனையை 45 டிகிரியில் சீவினேன். நாக்கு கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும். ஒன்று இறுக்கமாக இருந்தது, கொட்டாப்புளியால் இரண்டு போடு போட்டேன், 'டக்' என்று காலில் விரிசல். பசை விட்டு, இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போட்டுக் காப்பாற்றினேன். இன்றும் கோடு தெரிகிறது.

ஒட்டுவதற்கு முன் பசை இல்லாமல் ஒரு முறை முழுவதையும் கோத்துப் பாருங்கள், தயவுசெய்து. வெள்ளைப் பசை சில நிமிடங்களிலேயே இறுக ஆரம்பித்துவிடும், அந்த நேரத்தில் கிளாம்பைத் தேடி ஓட முடியாது. இரண்டு குட்டைப் பக்கங்களை முதல் நாள் ஒட்டினேன், மறுநாள் நீளச் சட்டங்களை. மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தால் 6 மி.மீ. வித்தியாசம், அதாவது மூலைகள் கோணல்! கிளாம்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இறுக்கியதும் சரியாகிவிட்டது.

மேல்பலகைக்கு ஐந்து பலகையைப் பக்கம் பக்கமாக ஒட்டினேன், மொத்தம் 80 செ.மீ. அகலம். கிளாம்பை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடவில்லை என்றால் பலகை வில்லாக வளைந்துவிடும். மரம் ஈரக்காற்றில் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. இவ்வளவு அகலத்தில் அது பல மில்லிமீட்டர் வரும். ஸ்க்ரூ போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால் பலகை வெடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அதனால் சட்டத்தின் உள்பக்கம் சின்னக் காடி வெட்டி, அதில் நகரும்படி குட்டி மரக்கட்டைகளை மாட்டி, அந்தக் கட்டைகளை மட்டும் மேல்பலகையோடு திருகினேன். முறுக்கிய பலகையின் துண்டுகள் இதற்குத்தான் போயின.

உப்புத்தாளில் சொரசொரப்பான 80-இல் தொடங்கி 120, 180 என்று நைஸாகப் போனேன். வழிந்த பசையை ஈரத்துணியால் இழுத்துத் தேய்த்த இடங்கள் வார்னிஷ் பட்டதும் வெளிறிய திட்டாகத் தெரிந்தன, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியிருந்தது. மூன்று பூச்சு கொடுத்தேன், அடிப்பக்கமும் சேர்த்து. எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், உலரும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயவிடுங்கள்.

எல்லாம் முடித்து சமையலறையில் கொண்டுபோய் வைத்தேன். ஆடியது. ஒரு கால் நீளம் என்று முடிவு செய்து, பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தையும் எடுத்துவிட்டேன். எதற்கும் என்று மேசையைக் கால் சுற்று திருப்பிப் பார்த்தேன், அறையின் அதே மூலையில்தான் மறுபடி ஆடியது. பக்கத்து அறையில் வைத்தால் அசையவே இல்லை. தரைதான் பள்ளம். அந்த மூலைக் காலுக்கு அடியில் கம்பளித் துண்டு இரண்டு ஒட்டினேன். பென்சில் கோட்டை இன்னும் அழிக்கவில்லை.