மூன்றரை வட்டியிலிருந்து ஒரு வட்டிக்கு

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில். எனக்கு வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில். 2021ஆம் ஆண்டு அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்குக் கையிருப்பு போதாமல் கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய் தேய்த்தேன். பிறகு மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே கார்டைத் தேய்த்ததில், இரண்டே ஆண்டுகளில் நிலுவை 1,40,000 ரூபாயாகிவிட்டது. பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவந்ததால், கடன் ஒழுங்காகக் குறைகிறது என்றே நம்பியிருந்தேன்.

2023 தொடக்கத்தில் பட்டறையில் சம்பளம் தாமதமாகி இரண்டு தவணைகள் தவறின. வசூல் ஆள்கள் இரவு ஒன்பது மணிக்குமேல் மலையாளத்தில் அழைத்து, அப்பாவின் காதில் விழும்படி அதட்டினார்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருந்ததை ஒரு நண்பர் எடுத்துச்சொன்னார். அழைப்பு வந்த தேதி, நேரம், எண் ஆகியவற்றைக் குறித்து வங்கியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு இரவு அழைப்புகள் நின்றன. மச்சானிடம் கைமாற்று வாங்கித் தவணைப் பாக்கியைக் கட்டினேன். இதற்கிடையில், "தொண்ணூறாயிரம் கொடுங்கள், முடித்துவிடலாம்" என்று வசூல் ஆள்களில் ஒருவர் ஆசை காட்டினார். அப்படி முடித்தால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் பேசி முடித்த கடன் என்று பதிவாகும், நாளை வீட்டுக் கடன் கேட்டுப் போனால் அதுவே தடையாக நிற்கும் என்பதால் மறுத்தேன். அந்த மறுப்பு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்த ஆண்டு ஜூலையில் ஓர் இரவு, பால் சொசைட்டிப் புத்தகத்தின் பின்னட்டையில் என் மனைவி பென்சிலால் கணக்குப் போட்டாள். மாதம் மூன்றரை சதவீத வட்டி 4,900 ரூபாய், அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 882 ரூபாய். நான் கட்டும் 7,000 ரூபாயில் அசலுக்குப் போனது 1,218 ரூபாய் மட்டுமே. "ஏனுங்க, மளிகைக்கு மாசம் மூவாயிரத்துக்குமேல தேய்க்கிறோமே, அப்புறம் எப்படிங்க குறையும்?" என்று கேட்டாள். பழைய நிலுவை இருக்கும்வரை வட்டியில்லாக் காலம் கிடையாது என்பதால், வாங்கிய அரிசிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வட்டிக்கு யாரிடமும் கைநீட்டாத அப்பாவின் மகன் நான், மூன்றரை வட்டியும் அதற்கு வரியும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன் என்பது அன்றுதான் உறைத்தது.

மறுவாரமே அவளுடைய ஐந்து பவுன் நகையைக் கூட்டுறவு வங்கியில் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு அடகு வைத்து, கார்டு நிலுவை முழுவதையும் ஒரே தவணையில் கட்டினோம். நகையை அடகு வைப்பதை இழிவாக நினைத்து இரண்டு ஆண்டுகளைக் கடத்தியதுதான் நான் செய்த பெரிய தவறு. ஆனால் கார்டைத் தொடர்ந்து தேய்ப்பவர் இப்படிச் செய்தால் இரண்டு கடன்களும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். அதனால் கார்டை அன்றே இரண்டாக வெட்டினேன்.

இதோடு முடிந்தது என்றிருந்தபோது அடுத்த பில்லில் 2,281 ரூபாய் வந்தது. பில் தேதிக்கும் நான் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட 12 நாள்களுக்கான வட்டியும் வரியும் அது. முழுத் தொகையைக் கட்டுபவர்கள் இந்த வால் வட்டியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்த்துக் கட்ட வேண்டும். விட்டால் அதற்கும் தாமதக் கட்டணம் ஏறும். அதையும் கட்டிவிட்டு, கார்டை மூடும்படி எழுத்தில் கேட்டேன். நிலுவை இல்லாத கார்டை 7 வேலை நாள்களுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. ஆறாம் நாளே நிலுவையில்லாச் சான்று வந்துவிட்டது.

நகைக் கடனுக்கு மாதம் பத்தாயிரம் அசலும் அதற்கான வட்டியும் கட்டினோம். கார்டுக்குக் கட்டிய ஏழாயிரத்தோடு மீதியைப் பால் பணம் ஈடுகட்டியது. 2024 அக்டோபரில் நகையை மீட்டோம். வங்கிப் படியிலேயே மனைவி சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மச்சானுக்குத் தர வேண்டிய கைமாற்று இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டாள்.