பாட்டி வீட்ட இடிக்கறதுக்கு முன்னாடி எழுதின நோட்டு

வேலூர் சைதாப்பேட்டைல எங்க அம்மாவோட அம்மா வீடு ஒண்ணு இருந்துச்சு. மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டை மேல செங்கல் சுண்ணாம்புல மாடித்தளம் போட்ட பழைய மெத்த வீடு, முன்னாடி திண்ணை, நடுவுல கூடம், பின்னாடி சமையக்கட்டு மட்டும் தாத்தா அப்புறமா கான்கிரீட் தளம் போட்டு சேத்தது. ரெண்டு பக்கமும் ஒட்டினாப்ல வீடு, வடக்கு பக்கம் பொது செவுரு. பாட்டி போனதுக்கப்புறம் நாலு வருஷம் பூட்டியே கெடந்துச்சு, போன மழைக்கு கூடத்து மூலைல காரை கொட்ட ஆரம்பிச்சதும் மாமா இடிச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டாரு. ஆனி மாசம் ஆரம்பிச்சு ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சோம். யாருக்கும் ஒரு கீறல் கூட இல்ல. அத எப்படி பண்ணோம்னு எழுதி வைக்கணும்னு தோணுது, ஏன்னா அதே தெருவுல இன்னும் ரெண்டு வீடு இடிக்க காத்துட்டு இருக்கு.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஃபேக்டரில சேஃப்டி பாக்குறேன். ரிஸ்க் அசஸ்மென்ட் எழுதறதுதான் என் பொழப்பே, ஒவ்வொரு வேலைக்கும் என்ன ஆபத்து, நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தா எவ்வளவு பெரிய அடின்னு ஒண்ணுலேந்து அஞ்சு வரைக்கும் மார்க் போட்டு பெருக்கி சிவப்பு மஞ்சள் பச்சைன்னு கலர் அடிப்போம். ஆனா சொந்த வீட்ட இடிக்கறோம்னு வந்தப்போ அந்த ஷீட்ட எடுத்து வச்சிட்டு உக்காந்தா எனக்கு கை ஓடல. ஏன்னா அந்த வீடு எப்படி கட்டியிருக்காங்கன்னே எனக்கு தெரியாது. எது எது மேல உக்காந்திருக்குன்னு தெரியாம எத எடுத்தா எது விழும்னு எப்படி எழுதறது?

அதனால நைனாவ கூட்டிட்டு போனேன். நைனான்னா எங்க அப்பா, கொத்தனாரு. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு இடிப்பு வேலைல, ஜன்னலுக்கு மேல வெளிய நீட்டிட்டு இருக்குமே அந்த சன்ஷேடோட சேந்து கீழ விழுந்து இடது கால் போச்சு, இப்பவும் கோல் ஊனித்தான் நடக்கும். அன்னிக்கி என்ன ஆச்சுன்னு இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட நான் கேட்டதில்ல, இந்த வீட்டு சமையக்கட்டு ஜன்னல் கீழ நின்னுட்டுதான் தானா சொல்லுச்சு.

"சன்ஷேடு வெளிய ரெண்டடி நீட்டிட்டு நிக்குதுல்ல, அத யாரு புடிச்சிட்டு இருக்கா சொல்லு"ன்னு கேட்டுச்சு. நான் கம்பின்னு சொன்னேன். "கம்பி இருக்கு, ஆனா அது வால்மேல செவுரு உக்காந்திருக்கு பாரு, அந்த கனம்தான் புடிச்சிருக்கு. மேல இருக்கிற செவுர எடுத்துட்டா அது சீசா பலகை மாதிரி தூக்கிடும். எங்கள அன்னிக்கி மேல செவுர எடுத்துட்டு சன்ஷேடு மேல நின்னு, ஜன்னலுக்கு மேல செவுர தாங்கற லிண்டல உடைக்க சொன்னாங்க."

இது எனக்கு பெரிய விஷயமா பட்டுச்சு. இடிப்பு வேலைக்குன்னே ஐஎஸ் 4130னு இந்திய தர அமைப்போட ஒரு பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கு, 1991ல திருத்தி வந்தது, அதுலேந்து எல்லா டிரெய்னிங்லயும் சொல்றது என்னன்னா மேலேந்து கீழ வரணும், கட்டின வரிசைக்கு தலைகீழா இடிக்கணும். சரிதான். ஆனா நீட்டிட்டு நிக்கிற சன்ஷேடு, பால்கனி இதுங்களுக்கெல்லாம் அந்த ஒரு வரிய மட்டும் மனசுல வச்சிட்டு போனா ஆள் விழுவான், மொதல்ல கீழ முட்டு குடுக்கணும் இல்லன்னா மேல செவுரு இருக்கும்போதே சாரம் கட்டி வெளிலேந்து சன்ஷேட உடைச்சி எடுத்துடணும். நாங்க ரெண்டாவத பண்ணோம்.

நாற்பது பக்க ஸ்கூல் நோட்டு ஒண்ணு வாங்கி மூணு கோடு போட்டேன். எது விழும், யார் மேல விழும், அத தொடறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும், அவ்வளவுதான். நைனா சொல்ல சொல்ல நான் எழுதினேன், ரெண்டு நாள் காலைல ஆறு மணிக்கே போயிடுவோம், அதுக்கப்புறம் வேலூர் வெயில்ல நிக்க முடியாது.

கூடத்து மெத்தைய தாங்கறது தேக்கு கட்டைங்க. அது மேல சின்ன செங்கல்ல சுண்ணாம்பு வச்சு நெட்டுக்கு நிக்க வச்சி, அது மேல ஜல்லி சுண்ணாம்பு, அது மேல தட்டோடு. பாக்க கட்டை எல்லாம் கன்னங்கரேல்னு உறுதியா இருந்துச்சு. நைனா ஏணி போட சொல்லி, தான் ஏற முடியாதுன்னு என்ன ஏத்திவிட்டு, ஒரு நீள திருப்புளிய குடுத்து "நடுவுல குத்தாத, செவுத்துக்குள்ள போற எடத்துல குத்து"ன்னு சொல்லுச்சு. வடக்கு பக்கம் ஒம்பது கட்டையும் குத்தினேன், டங்குன்னு நின்னுச்சு. தெக்கு பக்கம் காரை கொட்டின மூலைல மூணாவது கட்டைல குத்தினேன், திருப்புளி கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. சத்தமே இல்ல, ரவா உப்புமால ஸ்பூன் போன மாதிரி. வெளிய இழுத்தா காஞ்ச காபித்தூள் மாதிரி கொட்டுது, எல்லாம் செல்லு அரிச்சது. அந்த மூலைக்கு மேல நின்னுதான் இடிக்கிறவங்க மொத அடி அடிச்சிருப்பாங்க, ஏன்னா படிக்கட்டு அங்கதான் முடியுது.

நோட்டுல அந்த மூலைய சுத்தி சிவப்பு இங்க்ல வட்டம் போட்டேன். கீழேந்து சவுக்கு முட்டு குடுத்த பிறகுதான் மேல ஏறணும், ஏறினாலும் செங்கல் மேல நிக்காம கட்டைக்கு கட்டை பலகை போட்டு பலகை மேல நிக்கணும்.

இப்போ காண்ட்ராக்ட் விஷயம். பழைய வீடு இடிக்கறவங்களுக்கு லாபமே தேக்கு கட்டை, கதவு, ஜன்னல், நெலவாசல்ல தான். சில வீட்டுக்கு அவங்களே நமக்கு காசு குடுத்துட்டு இடிப்பாங்க. அதனால கட்டை முழு நீளத்துக்கு வரணும், ஒரு அடி குறைஞ்சா கூட விலை குறைஞ்சிடும். முழுசா வரணும்னா செவுத்துல கடப்பாரை போட்டு நெம்பணும். தெக்கு பக்கம் எங்க செவுரு, பரவால்ல. வடக்கு பக்கம் பொது செவுத்துல நெம்பினா அந்த பக்கம் யாரு இருக்கா? எண்பது வயசு பாட்டி ஒருத்தங்க, அந்த செவுத்து ஓரமாதான் அவங்க கட்டில். 2021 நவம்பர் மழைல பேரணாம்பட்டுல வீடு இடிஞ்சி ஒம்பது பேரு செத்தாங்க, அதுல நாலு கொழந்தைங்க. பழைய செவுரு என்ன பண்ணும்னு நம்ம ஜில்லால யாருக்கும் புதுசா சொல்ல வேண்டியதில்ல. அதான் வடக்கு பக்கம் கட்டைங்கள செவுத்துலேந்து ஒரு அடி விட்டு ரம்பத்துல அறுத்துடணும், மிச்ச துண்ட கையால உளி போட்டு ஒண்ணொண்ணா எடுத்து, எடுத்த அன்னிக்கே அந்த பொந்த செங்கல் வச்சி அடைக்கணும்னு எழுதினோம். பிரேக்கர் மிஷின் அந்த செவுரு பக்கமே வரக்கூடாது. காண்ட்ராக்ட் எடுத்தவரு ஒத்துக்கல. மாமாகிட்ட ரெண்டு நாள் பேசி, அந்த ஒம்பது கட்டைக்கும் வித்தியாசத்த நாமளே கழிச்சிக்கலாம்னு சம்மதிக்க வச்சேன். மாமா மேல அன்னிக்கி எனக்கு வந்த மரியாதை சாதாரணமானது இல்ல.

மேஸ்திரி பெரியவரு, அறுவது தாண்டினவரு. "ஏம்மா, நாற்பது வருஷமா இடிக்கறேன், நோட்டு பாத்தா இடிச்சேன்?"ன்னுதான் ஆரம்பிச்சாரு. அவர் மனசு மாறினது ஒரு கணக்குல. சமையக்கட்டு மேல ஒரு சின்ன ரூம் இருந்துச்சு, அத இடிச்சி கொட்டற குப்பைய அந்த தளத்து மேலயே சாயந்தரம் வரைக்கும் விட்டுட்டு மொத்தமா தள்ளலாம்னு அவர் பிளான். நான் கேட்டேன், "மேஸ்திரி, பத்துக்கு பத்து ரூம்ல ஒரு அடி ஒசரம் குப்பை நின்னா எவ்வளவு?" "ஒரு யூனிட்டு"ன்னாரு பட்டுனு. ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி செங்கல் குப்பை சுமார் மூணரை டன் வரும். வீட்டு தளத்துக்கு ஆள், சாமான்னு கணக்கு பண்றது ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ, அந்த ரூமுக்கு மொத்தமா ரெண்டு டன் கூட வராது. அதுவும் புது தளத்துக்கு. இது கம்பி துரு புடிச்சி வெளிய தெரியற தளம். அவர் கொஞ்ச நேரம் தளத்தையே பாத்தாரு, அப்புறம் "அரை அடிக்கு மேல நிக்க விடமாட்டேன்"ன்னாரு. கடைசி வரைக்கும் விடல.

எனக்கு ரொம்ப கவலை சித்தாளுங்கள பத்தி. ரெண்டு அக்காங்க வந்தாங்க. ஆம்பளைங்க மேல சம்மட்டி போடுவாங்க, இவங்க அதுக்கு நேர் கீழ குனிஞ்சி கூடைல அள்ளுவாங்க, எல்லா இடத்துலயும் இதான் நடக்குது, மேல இருக்கறவன் விழறத பத்தி எல்லாரும் பேசறோம், கீழ குனிஞ்சிட்டு இருக்கற பொம்பள தலைல செங்கல் விழறது யாருக்கும் கண்ணுக்கு தெரியல. அதனால ஒரு மணி நேரம் இடி, விசில் அடிச்சி நிறுத்து, அப்புறம் அள்ளு. ரெண்டும் ஒண்ணா நடக்கவே கூடாது. இதால நாலு நாள் கூட ஆச்சு, அந்த நாலு நாள் கூலியும் எஸ்டிமேட்லயே போட்டோம். ஹெல்மெட் ஆறும் நான் வாங்கினேன், வெயில்ல கழட்டி கழட்டி வைப்பாங்கன்னு வேலைய காலைல ஆறுலேந்து பதினொண்ணு, சாயந்தரம் மூணுலேந்து ஆறுன்னு மாத்தினோம்.

சட்டம் இருக்கே, அது பாக்காதான்னு கேப்பீங்க. 1996ல வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்துல இடிக்கற வேலையும் சேத்திதான், ஆனா பத்து பேரு அல்லது அதுக்கு மேல வேலை செய்யற எடத்துக்குன்னு எழுதியிருந்துச்சு. எங்க வீட்ல ஆறு பேரு. நம்ம தெருவுல நடக்கற இடிப்பு எல்லாமே அஞ்சு பேரு ஆறு பேருதான். மௌலிவாக்கத்துல 2014ல ஒரு கட்டடம் விழுந்து 61 பேரு செத்ததுக்கப்புறம் பக்கத்துல நின்ன இன்னொண்ண 2016ல வெடி வச்சி இறக்கினாங்க, அதுக்கு சுத்துப்பட்டு ஜனங்கள காலி பண்ணி, ரோட்ட அடைச்சி எவ்வளவு ஏற்பாடு. சம்மட்டில இடிக்கற வீட்டுக்கு நாமளே எழுதினாதான் உண்டு. அந்த ஆறு பேருக்கும் கட்டடத் தொழிலாளர் நல வாரிய கார்டு இருக்கான்னு கேட்டேன், மூணு பேருக்கு இல்ல. அந்த மூணு பேருக்கும் பதிவு பண்ண பேப்பர் வேலைய நான் பாத்துட்டு இருக்கேன்.

மத்தது எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிது. இபி சர்வீஸ கட் பண்ணோம், ஆனா பக்கத்து வீட்டு சர்வீஸ் ஒயர் எங்க செவுத்து கொக்கிலதான் தொங்கிட்டு இருந்துச்சு, அத மாத்தின பிறகுதான் முன்பக்கம் கை வச்சோம். பின்னாடி துவைக்கற கல்லுக்கு கீழ பழைய உறை கிணறு இருக்குன்னு அம்மாதான் ஞாபகம் வச்சி சொன்னாங்க, அது மட்டும் தெரியாம இருந்திருந்தா குப்பை வார வந்த ஜேசிபி அது மேலயேதான் நின்னிருக்கும்.

கடைசி மூணு நாள் வடக்கு செவுரு வேலை மட்டும்தான். பக்கத்து வீட்டு பாட்டிய அவங்க பொண்ணு வீட்டுக்கு காட்பாடி அனுப்பி வச்சிட்டு ஒரு நாளைக்கு மூணு கட்டைத் துண்டுன்னு எடுத்தோம். நைனா தெருவுல சேர் போட்டு உக்காந்து ஒவ்வொரு பொந்தும் அடைக்கறத பாத்துட்டே இருந்துச்சு, ஒண்ணு சரியா இறுகலன்னு பிரிச்சி திரும்ப வைக்க சொல்லுச்சு. ஒம்பதும் அடைச்சாச்சு, பாட்டியும் திரும்ப வந்துட்டாங்க. பூச்சு மட்டும் பாக்கி, ஐப்பசி மழைக்கு முன்னாடி பூசிடணும்.