கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்டும் முன்

வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் சிகிச்சைக்கு முன்பணம் கட்டப் போவதாக அக்காள் மகள் சொன்னதிலிருந்து, 2022 மே மாதம் பெங்களூருவில் இத்தகைய சிகிச்சைக்குப் பின் 21 வயதில் உயிரிழந்த கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜின் நினைவு என்னை விட்டு அகலவில்லை.

தோலுக்கடியில் உப்புநீரோடு லிடோகெயின் என்னும் மரப்பு மருந்தும், இரத்தக்கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்து செலுத்திய பிறகே குழாயால் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். அந்தத் திரவம் அளவுக்கு மீறினால் நுரையீரலில் நீர் கோக்கும். லிடோகெயின் இரத்தத்தில் உச்ச அளவை எட்டப் பல மணி நேரம் ஆவதால், மாலையில் நலமாக வீடு திரும்பியவருக்கு நள்ளிரவில் வலிப்போ இதயத் துடிப்புக் கோளாறோ வரக்கூடும். என்னை மிகவும் அச்சுறுத்துவது இதுதான். கொழுப்புத் துகளோ காலில் உறைந்த இரத்தக் கட்டியோ நுரையீரல் நாளத்தை அடைப்பதும், குழாய் குடலைத் துளைப்பதும் அரிதானாலும் உயிரைப் பறிக்க வல்லவை.

5 லிட்டருக்கு மேல் எடுப்பதாக இருந்தால் இரவு முழுவதும் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை. தவிர, இது உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சையே அன்று. குடலைச் சூழ்ந்துள்ள கொழுப்பை இந்தக் குழாய் தொடுவதே இல்லை.

செய்பவர் பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்தானா, மயக்க மருத்துவர் உடனிருப்பாரா, தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா என்று கேட்டறிய, சனிக்கிழமை அவளுடன் நானும் செல்கிறேன்.