கவச வாகனத் தாள்: பல் தேடி இழந்த எட்டு மதிப்பெண்

முடிவு நேற்று வந்தது. தேறிவிட்டேன் என்றாலும், வரைபடக் கேள்வியில் எட்டு மதிப்பெண்ணும் மொத்தமாகப் போனது இன்னும் உறுத்துகிறது.

சோவியத் டி-34 டாங்கியின் பக்கவாட்டுப் படத்தைக் கொடுத்து, சங்கிலிப் பட்டையை இழுக்கும் ஸ்ப்ராக்கெட், பட்டையின் இறுக்கத்தைச் சரிசெய்யும் ஐட்லர் இரண்டையும் குறித்து, எஞ்சினிலிருந்து விசை செல்லும் வழியையும் வரையச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்க டாங்கியான ஷெர்மனை வைத்தே படித்திருந்த நான் பல் உள்ள சக்கரத்தைத் தேடினேன். ஒன்றிலும் பல் தெரியாததால், பழக்கதோஷத்தில் முன்சக்கரத்தையே ஸ்ப்ராக்கெட் என்று குறித்தேன். டி-34இல் பின்சக்கரத்தின் இரு தட்டுகளுக்கு நடுவே உள்ள உருளைகள்தான், பட்டையின் உட்புறக் கொம்புகளைப் பிடித்து இழுக்கின்றன என்பது வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டியபோதே தெரிந்தது.

ஆகவே பல்லைத் தேடாதீர்கள், கியர்பாக்ஸைத் தேடுங்கள்; அது இருக்கும் முனையில்தான் ஸ்ப்ராக்கெட்டும் இருக்கும். எஞ்சின் இருக்கும் இடமும் ஏமாற்றும். ஷெர்மனில் எஞ்சின் பின்னால், கியர்பாக்ஸ் முன்னால். இரண்டையும் இணைக்கும் தண்டு சுழல் கோபுரத்துக்கு அடியில் செல்வதும் அந்த வண்டி உயரமாக இருப்பதற்கு ஒரு காரணம். டி-34இல் இரண்டும் பின்னால். நான் வாசித்து நினைவில் வைப்பவன் அல்லன். இவ்விரண்டையும் பத்து முறை வரைந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

வரலாற்றுப் பகுதி எளிது. பலர் சறுக்கும் இடங்கள் மட்டும்:

- 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் இறங்கிய மார்க் 1 டாங்கிக்குச் சுழல் கோபுரம் கிடையாது. ஆயுதங்கள் இருபக்கப் புடைப்புகளில் இருந்தன. எட்டுப் பேர் கொண்ட குழுவில், வண்டியைத் திருப்புவதற்கே நால்வர் சேர்ந்து இயங்க வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டி என்று எதிரியை நம்பவைக்க இட்ட பெயரே 'டாங்க்'.
- ஓட்டுநர் முன்னால், முழுவட்டமாகச் சுழலும் கோபுரம் நடுவில், எஞ்சின் பின்னால் என்ற அமைப்புக்கு 1918இல் போருக்கு வந்த பிரெஞ்சு ரெனோ எஃப்டியை எழுதுங்கள். இன்றைய பெரும்பாலான டாங்கிகள் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன.
- கவசத் தகட்டின் சாய்வைச் செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். டி-34இன் முன் தகடு 45 மி.மீ. தடிமன், 60 பாகைச் சாய்வு. கிடைமட்டமாக வரும் குண்டு கடக்க வேண்டிய தூரம் 90 மி.மீ. தரையிலிருந்து அளந்தால் விடை சுமார் 52 ஆகிவிடும்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவில்லை. நான் குறித்தது ஐட்லரைத்தான்.