லெஸ்ஸர் சாக் டிசெக்‌ஷன்: எங்கள் மேசையில் எங்கே தவறியது

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் லெஸ்ஸர் சாக் என்ற பையைத் திறக்கும்போது, பெருங்குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மிடில் காலிக் ஆர்ட்டரியை வெட்டிவிட்டோம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. கடாவரில், அதாவது பாடத்துக்கான இறந்த உடலில், ரத்தம் வராது. அதனால் தவறு உடனே தெரிவதில்லை. தன் உடலையே நமக்குப் பாடமாகத் தந்த ஒருவருடைய திசு வீணாய்ப் போனதே என்று இன்னும் மனசு ஆறவில்லை.

இரைப்பையின் பெரிய வளைவுக்குக் கீழே, அதிலிருந்து தொங்கும் கொழுப்புப் படலமான கிரேட்டர் ஓமெண்டத்தை வலப்பக்கத்தில், பைலோரஸுக்கு (இரைப்பையின் கடைவாய்க்கு) பக்கமாகத் திறந்ததுதான் பிழை. அந்தப் பக்கம் ஓமெண்டமும், குறுக்குப் பெருங்குடலைத் தாங்கும் படலமான டிரான்ஸ்வர்ஸ் மீசோகோலனும் ஒட்டிக்கிடக்கும். ஒரு படலம் என்று நினைத்து வெட்டினால் இரண்டும் போகும், உள்ளிருக்கும் மிடில் காலிக்கும் சேர்ந்து போகும். இடப்பக்கம் படலங்கள் பிரிந்தே இருக்கின்றன. பெரிய வளைவை ஒட்டி ஓடும் கேஸ்ட்ரோஎபிப்ளோயிக் ரத்தநாளங்களின் வளைவை இரைப்பையோடு விட்டுவிட்டு, அதற்கும் பெருங்குடலுக்கும் நடுவே, மிட்லைனுக்கு இடப்புறம் திறக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், இந்தப் பையின் இயற்கையான வாசலான எபிப்ளோயிக் ஃபோராமனைக் கண்டுபிடியுங்கள். நாங்கள் இதைக் கடைசிக்குத் தள்ளியதில் ஒரு வகுப்பு முழுசாக வீண். பித்தப்பையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் வந்தால், ஈரலையும் இரைப்பையையும் இணைக்கும் படலமான லெஸ்ஸர் ஓமெண்டத்தின் விளிம்பு தட்டுப்படும். உடலின் வலப்புறம் நின்று, இடக்கை ஆள்காட்டி விரலை அந்த விளிம்புக்குப் பின்னால் இடப்பக்கமாக நுழைத்து, கட்டை விரலை முன்னால் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று குழாய்கள்: முன்னால் வலப்புறம் பித்தநாளம், முன்னால் இடப்புறம் ஈரலுக்குப் போகும் ஹெபாட்டிக் ஆர்ட்டரி, இரண்டுக்கும் பின்னால் குடலின் ரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுபோகும் போர்ட்டல் வெயின். ஈரல் காயத்தில் ரத்தத்தை நிறுத்த 1908-இல் அறுவை மருத்துவர் பிரிங்கிள் எழுதிய உத்தி இந்தப் பிடிதான். உள்ளே போன விரலுக்குப் பின்னால் ஐ.வி.சி. (உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெருஞ்சிரை), மேலே ஈரலின் காடேட் புராசஸ், கீழே டியோடினத்தின் (சிறுகுடலின் தொடக்கத்தின்) முதல் பகுதி.

விரல் போகவில்லையென்றால் அழுத்தவே கூடாது. பித்தப்பை அழற்சியோ பழைய ஆபரேஷனோ இருந்த உடலில் வாசல் ஒட்டி அடைந்திருக்கலாம். பலமாகத் தள்ளினால் வயிற்றின் உள்படலமான பெரிட்டோனியம் கிழிந்து டியோடினத்துக்குப் பின்னால் போய்விடுவோம். உள்ளே நுழைந்துவிட்டதாகவே தோன்றும். சரியான இடத்தில் விரல் வழுவழுவென்று நகரும். ஒட்டடைபோல இழை இழையாகப் பிய்ந்து வந்தால் வழி தவறிவிட்டது, விரலை எடுத்துவிடுங்கள்.

வாசல் அடைந்திருந்தால் லெஸ்ஸர் ஓமெண்டத்தின் மெல்லிய பகுதி வழியாகப் போகலாம். ஈரலின் காடேட் லோப் அதன் ஊடாகவே தெரியும். வெட்டுமுன் மேல்பகுதியைத் தடவிப் பாருங்கள். சிலருக்கு இரைப்பையின் லெஃப்ட் கேஸ்ட்ரிக் ஆர்ட்டரியிலிருந்து ஈரலின் இடப்பகுதிக்கு ஓர் ஆர்ட்டரி இதற்குள் ஓடும்.

உள்ளே போனபின் சிரமமில்லை. இரைப்பையை மேலே தூக்கினால் கணையம், அதன் மேல்விளிம்பில் நெளிந்து மண்ணீரலுக்கு ஓடும் ஸ்பிளீனிக் ஆர்ட்டரி. இரைப்பையின் பின்சுவர்ப் புண் அரித்தால் ரத்தம் கொட்டுவது இதிலிருந்துதான். கணைய அழற்சிக்குப் பின் சூடோசிஸ்ட் என்ற நீர்க்கட்டி பெரும்பாலும் தேங்குவதும் இந்தப் பையில்தான். இடக்கோடியில் மண்ணீரலின் இரண்டு லிகமெண்ட்கள் (படல மடிப்புகள்). பின்னதான ஸ்பிளீனோரீனலில் கணையத்தின் வால் இருக்கும், அதைக் கத்தியால் தொடாதீர்கள்.

பை ஓமெண்டத்துக்குள் கீழே நீளும் இடமான கீழ் ரிசெஸைத் தேடி ஓமெண்டத்தைப் பிய்க்கவும் வேண்டாம். பெரியவர்களில் அந்தப் படலங்கள் ஒட்டிப்போய், புத்தகப் படத்தில் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் இருக்காது. அரைமணி நேரம் அதில் போனது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஃபோராமனின் நான்கு எல்லைகளோடு நிறுத்தமாட்டார்கள். அதற்குள் குடல் மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் வெட்டி விடுவிப்பாய் என்று கேட்பார்கள். எந்தப் பக்கமும் வெட்ட முடியாது: முன்னால் அந்த மூன்று குழாய்கள், பின்னால் ஐ.வி.சி., மேலே ஈரல், கீழே டியோடினம். வீங்கிய குடலை ஊசியால் உறிஞ்சிச் சுருக்கி, மெதுவாக வெளியே இழுக்க வேண்டும்.