தாமன் நெகாரால நட்டுவாக்காலி

மலேசியா போனா எல்லாரும் ட்வின் டவர், பத்துமலைன்னு சுத்துவாங்க, நான் கோலாலம்பூர்ல ரெண்டே நாள் இருந்துட்டு தாமன் நெகாரா காட்டுக்கு பஸ் ஏறிட்டேன். கோலா தாஹான்ல ரூம், காடு எதிர்க்கரையில, நடுவுல தெம்பெலிங் ஆறு. ராத்திரி எட்டரைக்கு படகுல தாண்டி நைட் வாக் கெளம்பினோம். (அட்டைக்கடி கதைக்கு தனி போஸ்ட் போடணும், அவ்ளோ இருக்கு.)

கைடு மலாய்க்காரர், அபாங்னுதான் (அண்ணன்னு அர்த்தம்) கூப்பிட்டோம். ஒரு மரத்தடி பொந்துக்கு நேரா யூவி (புற ஊதா) டார்ச் அடிச்சாரு, உள்ள பச்சையும் நீலமுமா ஏதோ மின்னுது, நம்ம சின்ன வயசு ரேடியம் ஸ்டிக்கர் மாதிரியே. ஒரு குச்சிய பொந்து வாசல்ல லேசா ஆட்டினதும் சர்ருனு வெளிய வந்துச்சு. அவர் "காலா ஜெங்கிங்"னாரு, மலாய்ல தேள். நான் "ஐயோ நட்டுவாக்காலி"ன்னேன், பெரிய கருந்தேளுக்கு நம்ம ஊர் பேரு.

சாதாரண டார்ச்ல பாத்தா நல்ல கருப்பு, கொஞ்சம் நீலம் ஓடுற பளபளப்பு, நீளம் ஒரு அஞ்சு இன்ச் இருக்கும். முன்னாடி நண்டுக்கால் மாதிரி புடைச்ச ரெண்டு இடுக்கி, மேல பொடிப்பொடியா முண்டு. வால் மட்டும் உடம்புக்கு சம்பந்தமே இல்லாம ஒல்லி. ஹெட்டெரோமெட்ரஸ்ங்கற தேள் பேரினம். நம்ம ஊர் நட்டுவாக்காலியையும் முன்ன இதே பேர்லதான் வச்சிருந்தாங்க, 2020லதான் இந்தியாவுல இருக்கறதையெல்லாம் தனித்தனி பேர்ல பிரிச்சாங்க.

போட்டோ எடுக்க பின்னாடி நகந்து நடைபாதை கம்பியில கை வைக்கப் போனேன், அபாங் "ஜாங்கான் பெகாங்!"னு கத்தினாரு, தொடாதன்னு அர்த்தம். கம்பி மேல ரெண்டு இன்ச்சுக்கு இன்னொண்ணு, பழுப்புல புள்ளி புள்ளியா, மரப்பட்டை கலருக்கு அப்படியே ஒட்டிக்கிட்டு. இடுக்கி ட்வீசர் மாதிரி மெல்லிசு, வால் உடம்பை விட நீளம். இந்த உடல்வாகு புத்திடேங்கற தேள் குடும்பத்தோடது. பெருசு கொட்டினா தேனீ கொட்டின மாதிரி, இதுதான் ரொம்ப வலிக்கும்னாரு.

அதாவது இடுக்கி பெருசா இருக்கறது இரைய நசுக்கியே முடிச்சிரும், இடுக்கி மெலிஞ்சது விஷத்த நம்பித்தான் பொழைக்குது. எல்லா தேளுக்கும் அப்படியே பொருந்தாது, ஆனா முதல் பார்வைக்கு கலர், சைஸ விட இது எவ்வளவோ மேல். நம்ம ஊர் செந்தேள எடுத்துக்குங்க, நட்டுவாக்காலிய விட சின்னது, மெல்லிசு இடுக்கி, தடிச்ச வால், அதேதான் புத்திடே, குழந்தைங்க உயிரையே எடுத்திருக்கு. மகாராஷ்டிரா மஹாட்ல டாக்டர் பவாஸ்கர் பிரசோசின் மாத்திரை குடுத்து காப்பாத்தினது இந்த செந்தேள் கடிக்குத்தான்.

மறுநாள் காலைல அதே பாதையில பெரிய தேள் உரிச்சுப் போட்ட சட்டை ஒண்ணு கெடந்துச்சு. உயிரோட இருக்கறத பொரட்டிப் பாக்க முடியுமா, இத குச்சியால பொரட்டினேன். கால்களுக்கு நடுவுல நெஞ்சுத்தகடு அஞ்சு மூலையா இருந்துச்சு (புத்திடேன்னா முக்கோணமா இருக்கும்), அதுக்குக் கீழ சீப்பு மாதிரி ரெண்டு உறுப்பு, தரைய மோந்து பாக்கறது அதாலதான். யூவி அடிச்சா வெறும் சட்டையும் மின்னுது! எடுத்துட்டு வர ஆசைதான், நேஷனல் பார்க்காச்சே, அங்கயே விட்டுட்டேன்.

போட்டோவ அம்மாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்துல கால் வந்துச்சு, "ஏன்டா, அத அடிச்சியா இல்லையா?"